லாலாகுடாவில் ஒரு புகார்ப் புத்தகம்

தமிழ் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக ஒருத்தியை இரண்டு ரயில் மாற்றி வரவழைப்பார்கள் என்று எம்.ஏ. படிக்கும்போது யாராவது சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருப்பேன்.

அழைத்தவர் என் கணவரின் அக்கா உமா மதினி. கணவரின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக லாலாகுடா போனது. பெண் எடுப்பது மட்டும் இன்றுவரை ஊரில்தான். அப்படி எடுக்கப்பட்டவள் நான். என் கணவர் வங்கி வேலையில் பாளையங்கோட்டைக்கே வந்து சேர்ந்துவிட்டார். மதினி அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊரில் இப்போது யாரும் பேசாத பழைய திருநெல்வேலித் தமிழ் பேசுவார். ஆனால் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. படித்தது தெலுங்கும் ஆங்கிலமும்.

மதினியும் அவருடைய கூட்டாளிகளும் லாலாகுடாவில் உள்ள பழைய தமிழர் வாசகசாலையை இரண்டு வருடமாகப் பாதுகாத்து வருகிறார்கள். பன்னிரண்டு தொண்டர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவின் பெயர் ‘நம்ம கட்டடம் நம்ம கடமை.’ ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், காரணம் மேலே சொன்னதே. அந்தக் கட்டடத்தைப் பழைய கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். வாசகசாலையின் ஆதிகாலப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அது தமிழில் இருக்கிறது. பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

“நீ சும்மாதானட்டி இருக்கே, வா” என்றார் மதினி.

இரண்டரை வயதுப் பிள்ளையை வைத்திருப்பவளைச் சும்மா இருக்கிறாய் என்று சொல்லக்கூடியவர் மதினி ஒருவர்தான். நான் உடனே சரி என்றேன். பிறகு மூன்று நாள், சரி என்று சொன்னது சரியா என்று யோசித்தேன். தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, யாழினி அங்கே சாப்பிடுவாளா, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது? மருந்துப் பையே துணிப் பையைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை சிகந்தராபாத்தில் இறங்கினோம். இறங்குவதற்குச் சற்றுமுன் சத்துமாவு டப்பாவின் மூடி திறந்து, ஐந்து நாள் பயணத்துக்கு மூன்று வாரக் கணக்கில் திரித்துக் கொண்டுவந்த மாவு முழுவதும் கீழ்ப்படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கம்பளியில் கொட்டியது. அவர் விழித்துப் பார்த்து, தெலுங்கில் ஏதோ சொல்லி, தட்டிவிட்டு மறுபடி தூங்கினார். அவ்வளவு நிம்மதியான மனிதரை நான் பார்த்ததில்லை. நானோ அழும் நிலையில் இருந்தேன். யாழினி உலகத்தில் சாப்பிடுவது அந்தக் கஞ்சி ஒன்றைத்தான்.

ஸ்டேஷனுக்கு வந்த அண்ணாச்சி, அதாவது மதினியின் வீட்டுக்காரர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு “ஹவ்” என்றார். அவர் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிறார். ஆமாம் என்பதற்கு, அப்படியா என்பதற்கு, போகட்டும் என்பதற்கு, மதினி திட்டும்போது பதிலுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

வீட்டில் பையைக்கூட வைக்கவிடாமல் மதினி என்னை வாசகசாலைக்கு அழைத்துப் போனார். ஒரு வேப்பமரம், அதன் பக்கத்தில் ஒரு நீளமான கூடம். நல்ல உயரம், பெரிய ஜன்னல்கள், சிமெண்ட் கூரை. சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடித்திருந்தார்கள். உள்ளே வரிசையாக மீசைக்காரர்களின் படங்கள், மாலையுடன். யார் யார் என்று கேட்டேன். கீழே பெயர் எழுதியிருக்கிறது, தமிழில், நீதான் சொல்லவேண்டும் என்றார் மதினி. வாசித்தேன். இரண்டு வருடமாக நிறுவனர் என்று மாலை போடப்பட்டவர், பட்டறைக் கால்பந்து அணியின் கோல் கீப்பர். மதினி அந்தச் செய்தியை விரும்பவில்லை.

கூடத்துக்கு இடப்புறம், அதே வளாகத்தில், குட்டையாக இன்னொரு கட்டடம் இருந்தது. அதிலிருந்து ஒரு பேரிரைச்சலும் மிளகாய் நெடியும் வந்தன. யாழினி தும்மினாள். நான் தும்மினேன். மஞ்சள் சுவரே தும்முவதுபோல் அதிர்ந்தது.

“அது யாதம்மா கிர்னி” என்றார் மதினி. கிர்னி என்றால் மாவு மில். “அந்த ஆட்டத்துலதான் நம்ம சுவத்துல கீறல் விழுது. முனிசிபாலிட்டில எழுதிக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை அதிகாரி வந்து சரின்னு சொல்லிட்டாம்னா, அந்தக் குடிசைய இடிச்சித் தள்ளிட்டு முன்னால தோட்டம் போடுதோம். நீ அங்க போவ நக்கோ, கேட்டியா? நம்ம ஆளுவ யாரும் போறதில்ல.”

நக்கோ என்றால் வேண்டாம். நான் தலையாட்டினேன். நாத்தனார் சொல்லுக்குத் தலையாட்டுவதில் எனக்குத் தனித் திறமை உண்டு.

வெள்ளிக்கிழமை பதிவேட்டை வாங்கிவரப் போனோம். அது நகரத்தின் மறுகோடியில், ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில், சபாபதி சார் வீட்டில் இருந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர், குழுவின் தலைவர். நூல் பத்திரமாக இருக்கவேண்டும் என்று தன் வீட்டில் வைத்திருந்தார். எவ்வளவு பத்திரம் என்றால், பூஜை அலமாரியில், முருகனுக்கும் ஐயப்பனுக்கும் நடுவில், பட்டுத்துணி சுற்றி. அட்டையில் சந்தனம், நடுவில் குங்குமம்.

“எங்க அப்பா தொட்ட புக்கும்மா” என்றார். கண்ணில் ஒற்றி, என் கையில் தருவதற்குமுன் என் கையைப் பார்த்தார். குழுவில் இருக்கும் நித்யா என்ற பெண் பழைய ஏடுகளைத் தொடுவதற்கென்று வெள்ளைக் கையுறை வாங்கி அனுப்பியிருந்தாள். போட்டுக்கொண்டேன். என் கைக்கு இரண்டு அளவு பெரிது. போக்குவரத்துக் காவலர்போல் நின்று முதல் பக்கத்தைத் திறந்தேன்.

அழகான கையெழுத்து. மேலே, இரண்டு கோடு போட்டு, ‘புகார்ப் புத்தகம்’ என்று எழுதியிருந்தது.

முதல் பதிவு: ‘கேரம் போர்டின் சிவப்புக் காயை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.’

சபாபதி சார் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி கையில் கற்பூரத் தட்டு இருந்தது. “என்னம்மா போட்டிருக்கு?” என்றார்.

உறுப்பினர்களின் ஒற்றுமையைப் பற்றி எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஒற்றுமை பற்றியதுதான்.

அவர்கள் வீட்டில் ரவா இட்லியும் தக்காளிப் பச்சடியும் கொடுத்தார்கள். யாழினி இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டு ஐயப்பனுக்கு நீட்டினாள். வேறு எதுவும் வாயில் போகவில்லை. நான் இரண்டு நாளாக அவள் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது சபாபதி சார் எங்களைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இது நேரே மெயின் ரோட்டில் விடும், டிரைவரிடம் என் பெயரைச் சொல்லுங்கள் என்றார். பஸ் கிளம்பியது. முதல் கேட், இரண்டாம் கேட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம், மறுபடி ஒரு கேட் என்று போய்க்கொண்டே இருந்தது. இது சரியான பஸ்தானா என்று நான் மதினியிடம் மூன்று முறை கேட்டேன். கைக்கு பயப்படுதே, பேசாம இரு என்றார். கைக்கு என்றால் அந்த ஊர் இந்தியில் ஏன். முக்கால் மணி நேரம் கழித்து, சபாபதி சார் வீட்டு வாசலிலேயே இறங்கினோம். அது குடியிருப்புக்குள் மட்டும் சுற்றும் பஸ். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சார் எங்களைப் பார்த்து, எதையாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

கடைசியில் நித்யாதான் கொண்டாப்பூரிலிருந்து காரில் வந்து அழைத்துப் போனாள். ஐ.டி. வேலை, இருபத்தாறு வயது. தமிழ் நன்றாகப் புரிகிறது, பதில் மட்டும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து வருகிறது. வழியெல்லாம் அந்தப் பதிவேட்டைப் பற்றியே கேட்டாள். சுதந்திரப் போராட்டம் வருகிறதா, பெரிய தலைவர்கள் யாராவது வந்துபோனதாக இருக்கிறதா? நான் மடியில் ஒரு பக்கம் பிள்ளையையும் ஒரு பக்கம் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, மெதுவாகப் படிக்கவேண்டும் என்றேன். அதற்குள் யாழினி, வெறும் வயிற்றோடேயே, பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். புத்தகம் தப்பியது. கையுறை தப்பவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணாச்சி என்னைச் சமையலறைக்கு அழைத்தார்.

மதினி பூ வாங்கவும் நாற்காலி சொல்லவும் போயிருந்தார். மேடையில் ஒரு துணிப்பை. உள்ளே கேழ்வரகு, பொட்டுக்கடலை, கோதுமை, பாசிப்பயறு, எல்லாம் வறுத்து ஆறியிருந்தன. நான் ரயிலடியில் புலம்பிய பட்டியல் ஒன்று விடாமல் இருந்தது.

“திரிக்கணும்லா? பக்கத்துல போயிட்டு வந்திரு யம்மா” என்றார். “ஒங்க மதினி வர பதினோரு மணி ஆவும்.”

“மதினிக்குத் தெரிஞ்சா?”

“ஹவ்” என்றார் அண்ணாச்சி. இது எந்த அர்த்தத்தில் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிள்ளை பட்டினி ஒரு பக்கம், நாத்தனார் சொல் ஒரு பக்கம். நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பையுமாக, கள்ளச்சாராயம் வாங்கப் போகிறவள்போல் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். முந்தானை மறைத்ததில் கிர்னியின் நிலைப்படி தெரியவில்லை. வாசல் அவ்வளவு குட்டை. நெற்றி நங்கென்று இடித்தது. வலியில் காலை வைத்தால் தரை இல்லை. மூன்று படி கீழே இறங்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

யாதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். புருவம்வரை மாவு. முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள், இரண்டாம் தடவை குனிவார்கள் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நெற்றியில் கொஞ்சம் கோதுமை மாவை அப்பிவிட்டார். அது மருத்துவமா கேலியா என்று தெரியவில்லை, ஆனால் வலி குறைந்தது. அப்போதுதான் கவனித்தேன், வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

திரித்து முடிப்பதற்குள் யாதம்மா ஒரு டப்பாவைத் திறந்து யாழினியிடம் நீட்டினார். சகினாலு. அரிசி மாவும் எள்ளும் சேர்த்து வளையம் வளையமாகச் சுட்டது, எங்கள் முறுக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரி. எண்ணெய்ப் பலகாரம், எப்போது சுட்டதோ, கை கழுவினாரோ என்று நான் நினைத்து முடிப்பதற்குள் பிள்ளை இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினாள்.

மாவுப் பையை என்னிடம் தரும்போது யாதம்மா சிரிப்பை நிறுத்தினார்.

“நீங்கள் உமாவின் தம்பி பெண்டாட்டிதானே? அந்தப் புத்தகத்தைப் படிக்க வந்திருக்கிறீர்கள்” என்றார். “நன்றாகப் படித்துப் பாருங்கள். என்னை எந்தத் தேதியில் காலி செய்யச் சொல்லியிருக்கிறது என்று அதிலேயே இருக்கும். என் மாமியார் ஓட்டிய மெஷின் இது. நாளைக்கு அந்த அதிகாரி தலையாட்டினால் இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று மட்டும் அதில் இருக்காது.”

என் அரைகுறை இந்திக்கே அது புரிந்தது. பையை வாங்கிக்கொண்டு, இந்த முறை குனிந்து வெளியே வந்தேன்.

கஞ்சி குடித்து யாழினி தூங்கியபின் வாசகசாலையில் உட்கார்ந்து புத்தகத்தை முழுதாகப் படித்தேன். இருநூறு பக்கத்திலும் சுதந்திரப் போராட்டம் வரவில்லை. காபி தண்ணீராக இருக்கிறது. மூன்றாம் எண் நாற்காலியின் கால் ஆடுகிறது, உட்கார்ந்தவர் விழுந்தார், சிரித்தவர்களைக் கண்டிக்கவேண்டும். தொடர்கதைப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போகிறார்கள், கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று அவராவது சொல்லட்டும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு பாதிக்குமேல் ஒரு பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது.

‘புதிய கூடம் அடுப்பாக இருக்கிறது. சிமெண்டுக் கூரையின் கீழ் உட்கார முடியவில்லை. வாசகசாலை தொடங்கிய நாள் முதல் இருந்த பழைய அறையில், நுழையும்போது தலையில் இடித்தாலும், மூன்று படி இறங்கிவிட்டால் ஊட்டிபோல் இருக்கும். அதை மாவு மெஷினுக்குக் கொடுத்தது அநியாயம்.’

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்னும் வீங்கித்தான் இருந்தது.

நான்கு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐந்தாம் முறை படித்தேன். சந்தேகமே இல்லை. இரண்டு வருடமாகப் பன்னிரண்டு பேர் விடுமுறை நாளெல்லாம் தேய்த்து, துடைத்து, மஞ்சள் அடித்துக் காப்பாற்றியது பின்னால் கட்டிய சிமெண்டுக் கூடத்தை. ஆதிக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பூஜை அலமாரியிலேயே இருந்த புத்தகத்தில் இது இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பொட்டு வைத்தார்கள், வாசிக்க மட்டும் முடியவில்லை.

இதை மதினியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால், நாளை யாதம்மா தெருவில் நிற்பார். சொன்னால், மதினி அதற்குப் பிறகு என்னோடு பேசுவாரா? ஒருவேளை நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ? கணவருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, எங்கள் அக்கா விஷயத்தில் நான் ஊரில் இல்லாதவன், உனக்கு எது சரி என்று படுகிறதோ செய் என்றார். தப்பித்துக்கொள்வதில் அந்தக் குடும்பத்து ஆண்கள் அனைவரும் பட்டறையில் பயிற்சி பெற்றவர்கள்.

மதினி வந்ததும் வாயைத் திறந்தேன். அவர் கூடத்தின் ஜன்னல் கம்பிகளைப் பழந்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு நாளும் அதுவுமாக, வீட்டுத் துணி துவைக்காமல், இங்கே வந்து துடைக்கிறார். வாயை மூடிக்கொண்டேன். பின் புத்தகத்தில் இரண்டு தாள் துண்டுகளை வைத்தேன். ஒன்று ஆண்டு விழாவில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்த பக்கம், யாருக்கும் பிரச்சினையில்லை. இன்னொன்று அந்தப் பக்கம். எதைத் திறப்பது என்று கடைசி நிமிடத்தில் தீர்மானிக்கலாம் என்று விட்டேன். இப்படி விட்டால் தீர்மானம் தானே நடந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இதுவரை நடந்ததில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மதினி தயார் செய்திருந்த மாலையையும் சால்வையையும் பார்த்துப் பின்வாங்கிய ஓர் இளைஞர். கூடத்தைச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். நோட்டில் எதுவும் எழுதவில்லை. கட்டடத்தின் வயதுக்கு எழுத்துச் சான்று உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சபாபதி சார் பட்டுத்துணியை அவிழ்த்தார். நான் வாசிப்பது, நித்யா ஆங்கிலத்தில் சொல்வது என்று ஏற்பாடு.

இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கிர்னியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மெஷின் நின்றது. அந்த அமைதியில், யாதம்மா கூடத்து வாசலில் வந்து, உள்ளே வராமல், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். தாள் துண்டு மாறிவிட்டது மதினி, தெரியாமல் திறந்துவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடுதான் திறந்தேன்.

வாசித்தேன். நித்யா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். புதிய கூடம் அடுப்பு என்றபோது சிரித்தாள். மூன்று படி என்றபோது பாதியில் நின்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத்தான் தெரியாது, கேட்டால் எல்லாம் புரியும். அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். ஆங்கிலம் வருவதற்கு முன்பே பன்னிரண்டு முகங்களும் மாறிவிட்டன. மதினி முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த வரியைப் படித்திருக்க முடியாது.

அடுத்த வரி, கீழே, சிவப்பு மையில், செயலாளரின் பதில். அதையும் படித்தேன். ‘புகார் தள்ளப்படுகிறது. மெஷின் வருமுன் நம் வீட்டுப் பெண்கள் மாவு திரிக்கத் தண்டவாளம் தாண்டித் தலைச்சுமையாகப் போய் வந்தார்கள். பழைய அறையைக் கொடுத்தது உறுப்பினர் அனைவரும் கை தூக்கிச் செய்த முடிவு. இங்கே படிக்க வருவது பத்துப் பேர், ரொட்டி தின்பது குடியிருப்பு முழுவதும். சூடு பொறுக்காதவர்கள் மரத்தடியில் உட்காரலாம்.’

அதிகாரி கிர்னிக்குப் போனார். குனிந்துதான் நுழைந்தார், விவரமானவர். சாவியால் மாவுப் படிவைச் சுரண்டினார். அடியில் சுண்ணாம்பும் கல்லும் வந்தன. இப்போதுதான் அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வெளியே வந்து, இது நிச்சயம் பழையது, இதற்கு நான் பரிந்துரை எழுதுவேன் என்றார். நித்யா கைதட்டினாள். பிறகு அவர் சொன்னார்: ஆனால் மோட்டார் இதற்குள் ஓடக்கூடாது, இந்த அதிர்வுக்குச் சுவர் தாங்காது, மெஷினை எடுத்துவிடவேண்டும்.

யாதம்மா என்னைப் பார்த்தார். வைதிருந்தால் தேவலை. உண்மையைச் சொல்லி ஒருத்தியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, இடிப்பதற்குப் பதில் பாதுகாப்பதன் பெயரால் வெளியேற்ற வழிசெய்திருந்தேன். இதற்கு அந்த ஆண்டு விழாப் பக்கத்தையே படித்திருக்கலாமோ?

மதினி விரும்பியது நடந்துவிட்டது. கிர்னி போகும், வளாகம் பட்டியலில் ஏறும். அவர் சரி என்று சொன்னால் போதும். அவர் எனக்கு எதிரே வந்து நின்றார்.

“அந்தச் சிவப்பு மைய இன்னொரு மட்டம் படி.”

படித்தேன்.

“கை தூக்கினாங்கன்னுதான போட்டிருக்கு?”

“ஆமா மதினி.”

“எல்லாரும்?”

“உறுப்பினர் அனைவரும்னு இருக்கு.”

மதினி மஞ்சள் கூடத்தைப் பார்த்தார். கம்பிகளைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“அப்பம் எடத்த மாத்திக்கிடுவோம்” என்றார். “மெஷின் கூடத்துக்கு வரட்டும். இது ஒண்ணும் பழைய கட்டடம் இல்லல்லா, ஆடுனா ஆடிட்டுப் போவுது. நாம அங்கன எறங்கிருவோம்.”

சபாபதி சார், படங்களெல்லாம் மிளகாய்ப் பொடி ஆகுமே என்றார். கோல் கீப்பர் தாங்குவார் என்றார் மதினி. கை தூக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பதினொரு கை எழுந்தது. சபாபதி சாருடையது கடைசியில், தோள்வரை. அண்ணாச்சி உறுப்பினரே இல்லை, அவரும் தூக்கினார்.

மதினி யாதம்மாவிடம் போய்த் தெலுங்கில் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு. யாதம்மா அவசரப்படவில்லை. கூடத்துக்குள் வந்து நடந்து பார்த்தார், பிளக் பாயிண்டுகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு சொன்னதை நித்யா எனக்கு மெதுவாக எடுத்துச் சொன்னாள். இடம் பரவாயில்லை. ஆனால் முனிசிபாலிட்டியில் என்மேல் கொடுத்த மனு அங்கேயே கிடக்கும்போது நான் எங்கே போனாலும் அது பின்னால் வரும். நீ எழுதினாய், நீயே போய் வாபஸ் வாங்கு. ஆளை அனுப்பாதே. அதற்குப் பிறகு மெஷினை நகர்த்துகிறேன்.

மதினி தலையாட்டினார். எனக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலைவரை மதினி என்னோடு பேசவில்லை. தட்டில் மட்டும் ஒரு தோசை கூடுதலாக விழுந்தது. அதைக் கோபமாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மாலை எனக்கு ரயில். மதினி அரை நாள் லீவு போட்டு ஆட்டோவில் கூடவே வந்தார். முனிசிபல் அலுவலகத்தின் முன் நிறுத்தச் சொல்லி இறங்கினார், இரண்டே நிமிடம் என்றார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. நான் மணியைப் பார்த்தேன், ரயில் டிக்கெட்டைப் பார்த்தேன், மறுபடி மணியைப் பார்த்தேன். ரயிலைப் பிடித்துவிட்டோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல் பதறுகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். ஆனால் அப்போது அது எனக்குத் தெரியாது.

மதினி வாசலில் வந்து கையசைத்தார்.

“ஏட்டி, எறங்கி வா. வாபஸ் வாங்க சாட்சிக் கையெழுத்து வேணுமாம்.”

“வண்டி போயிருமே மதினி.”

“போனா நாளைக்குப் போலாம். வா.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். மதினி தெலுங்கில் எழுதிய ஒரு பக்க மனு மேசையில் இருந்தது. எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. எங்கே போடவேண்டும் என்று மதினி விரல் வைத்துக் காட்டினார், நான் நம்பிப் போட்டேன். அவசரத்தில் கை தானாகத் தமிழில் எழுதிவிட்டது.

குமாஸ்தா தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இது என்ன எழுதியிருக்கிறது, பெயரைப் படித்துச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி தாளை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை நகர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிறுத்தி நிறுத்தி, “சு-ப-லட்-சு-மி” என்று வாசித்தார். விரல் மூன்றாவது எழுத்தில் நின்றபோதே வாயில் என் பெயர் முடிந்துவிட்டது. மீதி எழுத்துகளை அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

குமாஸ்தா முத்திரை குத்தினார்.